திராட்சைக்குப் போட்ட பூஜ்யம்

அந்தப் பெண்ணுக்குப் பூஜ்யம் போட்டது நீங்கள்தான். போட்டது தவறு. தவறு என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்.

1998-ல் நடந்த விடைத்தாள் திருத்தும் முகாமில் சீஃப் எக்ஸாமினராக உட்கார்ந்திருந்தவரைச் சொல்கிறேன். பெயர் எழுதவில்லை. படித்தால் அவருக்கே புரியும். இப்போது வேலைக்கு வந்திருக்கும் இளம் விரிவுரையாளர்களுக்குப் புரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

1. முதல் வகுப்பு

1997-ல் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். பி.ஏ. பொருளியல், முதல் வருஷம், தமிழ் மீடியம். பாடம் நுண்ணினப் பொருளியல். ஒரு வீடு, ஒரு கடை, ஒரு சந்தை எப்படி முடிவெடுக்கிறது என்று சொல்லும் பாடம். மாணவர்களில் பாதிப் பேர் திராட்சைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள். கம்பம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது சிலருக்கு விரல் நுனியில் கறை இருக்கும். என் மேசையில் செய்தித்தாளில் சுற்றிய பன்னீர்த் திராட்சை அடிக்கடி இருக்கும். அப்படி ஒரு வகுப்பு அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

முதல் நாள் போர்டில் அளிப்பு வளைகோடு போட்டேன். விலை ஏறினால் விற்பவர் அதிகம் கொண்டுவருவார், இறங்கினால் குறைத்துக்கொள்வார். அதனால் கோடு சாய்ந்து மேலே ஏறும் என்றேன். சகர்பானு எழுந்தாள். கம்பத்துக்குப் பக்கத்தில், அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்குத் தோட்டம்.

"சார், பழுத்து நிக்கும்போது விலை இறங்குனா, எங்கத்தா பழத்தைக் கொடியிலயே விட்டுட்டு வீட்டுக்கு வந்துருவாகளா?"

பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "விட்டா கிளி தின்னுட்டுப் போகும் சார்" என்றான். வகுப்பே சிரித்தது.

"உக்காரும்மா. பரீட்சைக்கு இது போதும்" என்றேன்.

"எங்க தோட்டத்துக்குப் போதாதே சார்."

கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பின்னால் ஒரு அத்தியாயத்தில், சிலபஸில் சேர்க்காத பக்கத்தில், அவள் சொன்னது அப்படியே இருந்தது. அங்காடிக் காலம் என்று பெயர். கெட்டுப்போகும் பண்டம் சந்தைக்குத் தயாரான பிறகு, விலை பத்தானாலும் மூன்றானாலும் இருக்கிற அளவு அவ்வளவுதான். கோடு சாயாது, செங்குத்தாக நிற்கும். மறுநாள் வகுப்பில் என் தவறைச் சொல்லி, அந்தக் கோட்டையும் போட்டேன்.

2. முகாம்

முகாம் நாட்கள் எனக்குப் பிடிக்கும். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. சிவப்புப் பேனா மையெல்லாம் சட்டைப் பையில். பக்கத்து மேசைக்காரர் எலுமிச்சை சாதம் கொண்டுவருவார். வேடிக்கையான விடை வந்தால் வாசித்துக் காட்டிச் சிரிப்போம்.

விடைத்தாளில் பெயர் இருக்காது, டம்மி நம்பர்தான். ஆனால் ஒரு தாளைப் பார்த்ததுமே சகர்பானுவுடையது என்று தெரிந்துவிட்டது. கேள்வி, "அளிப்பு வளைகோட்டைத் தக்க எடுத்துக்காட்டுடன் விளக்குக." பத்து மார்க். விதியை ஒழுங்காக எழுதிவிட்டு, எடுத்துக்காட்டுக்கு மழைக்கு முன் வெட்டும் திராட்சையைச் சொல்லி, செங்குத்துக் கோடு போட்டிருந்தது. எட்டு மார்க் போட்டேன்.

திருத்திய தாள்களில் சிலதைச் சீஃப் எடுத்துப் பார்ப்பார். அதை எடுத்தார்.

"என்ன சார் இது, குச்சி நட்டு வச்ச மாதிரி?"

"அங்காடிக் காலம் சார். புத்தகத்துல பின்னாடி இருக்கு."

"கீ-ல இருக்கா?"

கீ என்றால் எங்களுக்குக் கொடுக்கும் மாதிரி விடை. அதில் சாய்ந்த கோடு மட்டும்தான் இருந்தது.

"இல்ல சார். ஆனா கோடு சரிதான்."

"சரிதான்னு எனக்கும் தெரியும். இத விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கோடு போடுவான். இத்தனை கட்டை எவன் திருத்துறது?" என்று எட்டை அடித்துப் பூஜ்யம் போட்டார். பிறகு குரலை ஏற்றினார். "திராட்சைன்னா உங்க பக்கத்துப் பிள்ளைதான? அதான் கை தாராளமாப் போகுதோ?"

ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேனாவை நீட்டினார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இனிஷியல் போட்டேன்.

3. தோட்டம்

சகர்பானு அந்தப் பேப்பரில் ஐந்து மார்க் குறைந்து ஃபெயில். நான் முகாமில் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. ரகசியம் காக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். மறு வருஷம் அதே கேள்வி வந்தது. அதே கோட்டைப் போட்டாள். திரும்பவும் ஃபெயில்.

மூன்றாம் வருஷம் வந்தது. மற்றப் பேப்பரெல்லாம் நல்ல மார்க். இந்த ஒன்றைத் தாண்டினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் அவள் ஆசைப்பட்ட பி.எட். பரீட்சைக்கு முன் அவள் தோட்டத்துக்கே போனேன். மலைப் பக்கம் கறுத்திருந்தது. பந்தலுக்கு அடியில் குடும்பமே வெட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க சார்" என்றார் அவள் அத்தா. "யாவாரி பாதி விலைதான் சொல்றாக. என்ன செய்ய, நிக்கிறது பூராவையும் வெட்டிக்கிட்டு இருக்கோம். ஒரு மழைக்கு அம்புட்டும் வெடிச்சுப் போகும்."

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். "ஏத்தா, அந்தக் கோட்டைச் சாச்சுப் போட்டாத்தான் என்னவாம்? பென்சில் கோடுதான, கல்தூணா?"

"சார் தப்புன்னு சொல்லட்டும், சாச்சுடறேன்."

"தப்பில்லம்மா" என்றேன். பிறகு சொல்லிவிட்டேன். "மொத வருஷம் உன் பேப்பரைத் திருத்துனது நான்தான். எட்டுப் போட்டேன். மேல உள்ளவுக அடிச்சுட்டு பூஜ்யம் போட்டாக. நானும் இனிஷியல் போட்டுட்டேன்."

அவள் கையில் கத்தரி நின்றது.

"எட்டா சார்?"

"எட்டு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார். நான் எழுதுனது அவுகளுக்குப் புரியலையோன்னுல்ல மறு வருஷம் இன்னும் ரெண்டு பக்கம் கூட எழுதுனேன்."

அவள் அத்தா என்னைப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த முறை சாய்ந்த கோடு போட்டாள். பாஸ். மார்க் ஷீட்டில் மூன்றாவது முயற்சி என்று விழுந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட இடத்தில் பி.எட். சீட் தரவில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, வேறு ஊரில் சேர்ந்தாள்.

இளம் விரிவுரையாளர்களே, நான் கற்றது இதுதான். கீ தவறாக இருந்தால் எழுத்தில் மறுப்பு கொடுங்கள். பிறகுதான் கையெழுத்து. திருத்தியவர் வாயை மூடிக்கொண்டால், எழுதிய பிள்ளை தன்னைத்தான் சந்தேகப்படும்.

என் பங்குத் தவறை இங்கே எழுதிவிட்டேன். சீஃப் அவர்களே, நீங்கள் இன்றைக்கும் பாடத்திட்டக் குழுவில் இருக்கிறீர்கள், கருத்தரங்கு மேடைகளில் பேசுகிறீர்கள். அடுத்த மேடையில், பிள்ளைகள் முன்னால், மைக் பிடித்துச் சொல்லுங்கள். சரி என்று தெரிந்த விடைக்கு ஏன் பூஜ்யம் போட்டீர்கள்?