மூன்று வீட்டிலும் அன்னாசி கேசரி

1. மேனேஜர் கூப்பிட்டார்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக டெம்பரவரி. புது மெஷின்களை எரக்‌ஷன் பண்ண, அதாவது பொருத்திக் கொடுக்க, வெளிநாட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார், கூடவே அவர் மனைவியும். அந்த அம்மா வரும் வழியில் கொச்சியில் தங்கி, ஒரு வழிகாட்டியோடு துறைமுகத்தை ஒட்டிய பழைய தெருக்களில் நடந்து நடந்து சாப்பிட்டிருக்கிறார். தெருவுக்கு ஒரு சமூகம், வீட்டுக்கு ஒரு ருசி. அதே மாதிரி இங்கேயும் வேண்டும் என்று கேட்டுவிட்டார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏய்யா, இங்க கடலும் இல்ல, கப்பலும் இல்ல. என்னத்தக் காட்டுவியோ தெரியாது, சமாளிச்சிரு. அந்தம்மா சந்தோஷமாப் போனா ஒன் பெர்மனன்ட் ஆர்டருக்கு நானே சொல்லுதேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பிடுவதற்கு ஒரு டூரா? இருந்தாலும் பெர்மனன்ட் என்ற சொல் காதில் விழுந்த பிறகு முடியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. மூன்று வீடுகளைப் பிடித்தேன். வீட்டில் தெலுங்கு பேசும் பருத்தி வியாபாரி ஒருவர், ஜவுளிக்கடை பாய், கிறிஸ்தவப் பள்ளிக்கூட டீச்சர். முதல் நாளே சைக்கிளில் போய் மூன்று பேரிடமும் சொன்னேன்: "மில்லு விருந்தாளி வாராவ. மரியாதை கொறைஞ்சிரக் கூடாது." காரியத்தைக் கெடுத்தது அந்த ஒரு பேச்சுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

2. நடந்த கூத்து

புளிச்சகீரை போட்ட ஆட்டுக்கறி கிடைக்கும் என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொல்லி, அந்த அம்மாவை முதல் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். "ரண்டி, ரண்டி" என்று வாசலுக்கே வந்து அழைத்தார்கள். வெள்ளித் தட்டு வந்தது. அதில் அன்னாசித் துண்டு போட்ட கேசரி, உளுந்த வடை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அந்த அம்மா ரசித்துச் சாப்பிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். காலை நேரம், கறி வைக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளி பாய் வீடு. பிரியாணி என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அன்னாசி கேசரி, உளுந்த வடை, பால்கோவா. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன்.

டீச்சர் வீட்டுக்குப் போவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மீன் குழம்பு, மீன் குழம்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். தட்டைப் பார்த்ததும் அந்த அம்மா நோட்டை மூடி வைத்தார். மூன்று வீட்டுக்கும் சமையல்காரர் ஒருவர்தானா என்று கேட்டார். டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"டீச்சர், மீன் குழம்பு வைப்பீகன்னு நெனச்சேனே?"

"நல்லாருக்கே கத! வெள்ளக்காரம்மாவுக்கு மீன் குழம்ப ஊத்தச் சொல்லுதீகளா? மரியாதை கொறையக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? அதான் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல கேசரி வாங்கியாந்தேன். எனக்கு முன்னாடி பாய் வாங்கிட்டு நிக்காரு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆர்டர் கையைவிட்டுப் போனது என்றே நினைத்தேன்.

3. என் வீடு

வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார்: உன் வீடு எங்கே, அங்கே இன்றைக்கு என்ன சமையல்? ஸ்ரீவில்லிபுத்தூர் என்றேன். போவோம் என்றார். எனக்கு உயிர் வந்தது. வீட்டில் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அதனால் கேசரி இருக்காது.

கம்பெனி அம்பாசிடர் வாசலில் நின்றதும் என் மனைவி செல்லத்தாய் பதறிப்போனாள். "ஏங்க, கம்பஞ்சோறும் நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பும்தான இருக்கு. இதையா அவியளுக்கு வைக்க?" குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா வாசனை பிடித்து நேரே அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். சட்டியைக் காட்டி, இதுதான் இன்றைய சாப்பாடா என்றார்.

அவர் காலையிலிருந்து தேடியது அந்தச் சட்டியில்தான் இருந்தது. என் வேலையும் அதில்தான் இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் என் வாய் சொன்னது: "நோ மேடம். தட் ஈஸ் ஃபார் த டாக்."

எங்கள் வீட்டில் நாயே கிடையாது.

செல்லத்தாய் எட்டாவது வரை படித்தவள். சட்டியை மூடினாள். நான் ஓடிப்போய் பால்கோவா வாங்கி வந்தேன். அந்த அம்மா ஒரு வாய் சாப்பிட்டு, கைகூப்பிவிட்டு, "லக்கி டாக்" என்று சொல்லிக் காரில் ஏறினார். புரிந்து சொன்னாரா, புரியாமல் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

கார் போனதும் செல்லத்தாய் தட்டைப் போட்டாள். கம்பஞ்சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். "ஒக்காருங்க. நாய்க்கு வச்சது ஆறிப்போவுது."

தலை நிமிராமல் சாப்பிட்டேன். அவ்வளவு அவமானத்தோடு நான் எந்த மேலதிகாரி முன்னாலும் நின்றதில்லை.

அடுத்த மாதம் ஆர்டர் வந்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னாராம். ஏன் என்று எனக்கும் புரியவில்லை, மேனேஜருக்கும் புரியவில்லை. காகிதத்தைச் செல்லத்தாயிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னாள்: "சந்தோஷம். இனிமே யாரக் கூட்டியாந்தாலும், நம்ம சோத்த நம்ம சோறுன்னு சொல்லுங்க."

கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. விருந்தாளி ஊர்ச் சாப்பாடு கேட்டால் யார் வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள் என்பேன். முதலில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் சட்டியைத் திறந்து காட்டத் துணிச்சல் இல்லையென்றால், அடுத்தவர் வீட்டு வாசலை மிதிக்காதீர்கள்.