கல்லொட்டிக்கு நான் செய்த அநியாயம்

போன வாரம் பல் டாக்டரிடம் காத்திருந்தேன். எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் கறுப்பாக ஒரு மீன் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. "அது பாசி திங்கிற மீன், ஆன்ட்டி" என்றாள் சீட்டு எழுதும் பெண். நான் உடனே நம்பிவிடவில்லை. எழுந்துபோய்க் குனிந்து, ஒட்டியிருப்பது வாயாலா வயிற்றாலா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும், பட்டவளுக்குத்தானே தெரியும்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் புது சயின்ஸ் டீச்சர். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். மீன் என்றால் குழம்பில்தான் பழக்கம். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு வேலையை நிரந்தரமாக்குவார். தம்பியின் காலேஜ் படிப்பு அந்தக் கையெழுத்தை நம்பி இருந்தது. அவரைப் பெரிய டீச்சர் என்போம். நாசரேத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் மேஜை ஓரத்தில் ஒரு தொட்டி, அதில் ஏழு கப்பி மீன்கள், ஏழுக்கும் வேதாகமப் பெயர்கள். ஜன்னல் வெயில் பட்டுக் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. எது எஸ்தர், எது நகோமி என்றே தெரியவில்லை என்று அவருக்கு வருத்தம்.

"நீ மீனப் பத்திப் படிச்சவதான. பாசி திங்குத மீனு ஒண்ணு கொண்டு வாளா" என்றார்.

படித்தது உண்மை. பார்த்ததில்லை. மீன் மார்க்கெட்டில் போய்க் கேட்டேன். "அத வாங்கி என்ன செய்யப் போறிய? பொரிக்கவா, குழம்பு வைக்கவா?" என்றாள் மீன்கார அக்கா. வளர்க்க என்றதும் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

கடைசியில் கைகொடுத்தது ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் தையல் டீச்சர். அணைக்கட்டுப் பாறையில் பிடித்த இரண்டு மீன்களைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். விரல் நீளம், பழுப்பு நிறம். "ரெண்டும் கல்லொட்டிதான்ளா. பாரு, ஒட்டுனா விடமாட்டேங்கு." தொட்டியில் விட்டதும் இரண்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. நாலே நாளில் பாசி குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் யோனாவைக் காணோம். "மூணு நாளு பொறுத்துப் பாப்போம்" என்றார் பெரிய டீச்சர். மூன்றாம் நாள் எஸ்தரையும் காணோம்.

இரண்டில் ஒன்று திருடன். ஒன்று ஒல்லி, மற்றதுக்கு வயிறு உப்பிக் கிடந்தது. திருடித் தின்றவனுக்குத்தானே வயிறு உப்பும்? அவ்வளவுதான் என் விசாரணை. உப்பிய வயிற்றுக்காரன் அதே தூக்குவாளியில், அதே பஸ்ஸில், ஸ்ரீவைகுண்டத்துக்கே நாடு கடத்தப்பட்டான்.

அடுத்த வாரம் தொட்டி மறுபடி பச்சை. மிரியாமும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டைத் தொட்டிக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மீனுக்குக் காவல் இருந்தவளின் டிபன் பாக்ஸில் பொரித்த சாளை மீன். அன்றுதான் அந்த ஒல்லியனை ஒழுங்காகப் பார்த்தேன். கண்கள் உச்சந்தலையில், வாய் நேர் முன்னால். அவன் ஒட்டியிருந்தது வாயால் அல்ல, அடிவயிற்றில் கிண்ணம்போல் குவிந்திருந்த துடுப்பால். கல்லொட்டிக்கு வாய் தலைக்கு அடியில் இருக்கும். அதைக் கண்ணாடியில் பதித்துத் தேய்த்துத் தேய்த்து நகரும். போன வழி துடைத்துவிட்டதுபோல் தெரியும். இதையெல்லாம் படம் வரைந்து மார்க் வாங்கியவள்தான் நான். இவனோ நகரவே இல்லை. நகோமி பக்கத்தில் வந்தாள். அடுத்த நொடி அவன் வாய்க்கு வெளியே அவளுடைய வால் மட்டும் தெரிந்தது. அவன் கல்லொட்டியே இல்லை, மீனைப் பிடித்துத் தின்னும் உளுவை. பாசி தின்றே வயிறு வளர்த்த அப்பாவியை நான் ஊரைவிட்டு அனுப்பியிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பூனை உண்டு. பழியை அதன்மேல் போட்டிருக்கலாம். அரை மணி நேரம் அதைத்தான் யோசித்தேன். பிறகு போய், பூனை யோசனையையும் சேர்த்து, உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"சுவாலஜிதான படிச்ச? வாயப் பாக்காம வயித்தப் பாத்தா தீர்ப்புச் சொல்லுவ?" என்றார் பெரிய டீச்சர். டிராயரைத் திறந்து என் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "பூனைன்னு சொல்லாம நீயே வந்து சொல்லுதல்லா. போ, கண்ணத் தொடச்சுக்கோ."

உளுவையை எடுத்துவிடட்டுமா என்றேன். "இருக்கட்டும். பேருதான் வைக்கணும்" என்றவர், என் பேரையே வைத்துவிட்டார். தினம் காலையில் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏளா, இன்னைக்கும் பசியா?" என்பார். பக்கத்து வகுப்பிலிருந்து நான் "வாரேன் டீச்சர்" என்று எழுந்து ஓடுவேன். பிள்ளைகள் சிரித்து உருளும்.

தொட்டி போயிற்று, பெரிய டீச்சர் போய்விட்டார், போன வருஷம் தையல் டீச்சரும். "ஆன்ட்டி, உள்ள வாங்க" என்றாள் சீட்டு எழுதும் பெண். ஆன்ட்டி, மேடம், பாட்டி என்று கூப்பிட இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். முன்னால் உரிமையோடு ஒரு 'ஏளா' போட்டு என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை.