எதிரணிச் சாட்சி

கனகாவின் கம்ப்யூட்டர் சொல்வதை நம்பினால், மைசூர்ச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் ஜூன் முதல் தேதிதான் பிறந்திருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்க வந்த அப்பனுக்குப் பிறந்த தேதி ஞாபகமில்லை என்றதும், ஹெட்மாஸ்டர் பேனாவை உதறி எழுதிய தேதி அது. போதாக்குறைக்கு இருபது பிள்ளைகளுக்கும் சேர்த்து பி.டி. மாஸ்டரின் ஒரே செல்போன் எண். அதே பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அங்கே புதிதாக ஒரு பதிவு. பெண்ணாக இருந்து கல்யாணமும் ஆகிவிட்டால் அப்பா பெயர் போய்ப் புருஷன் பெயரோடு இன்னொன்று. ஆக, மைதானத்தில் ஓடுவது ஓர் ஆள், பட்டியலில் நிற்பது மூன்று ஆள்.

இந்த மூன்றை ஒன்றாக்குவதுதான் கனகாவின் வேலை. ஸ்டேடியத்தில் ஜனங்கள் உட்காரும் படிகளுக்கு அடியில் இருக்கிறது கோ-கோ சங்கத்தின் அலுவலகம். ஒரே அறை. கூரை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கும். கனகாவின் மேஜை தாழ்ந்த பக்கத்தில் இருந்ததால் உயரமான ஆட்டக்காரர்கள் அவள்முன் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். அவளுக்கு அங்கே கிடைத்த மரியாதையில் பாதி அந்தக் கூரையால் வந்தது.

ஹனூர்ப் பக்கத்தில் கிழங்கும் மஞ்சளும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். கணவர் ரத்தினவேலுக்கு நஞ்சன்கூட்டில் ஃபேக்டரி வேலை. மைசூரில் குடித்தனம். சங்கத்தில் பன்னிரண்டு வருஷம். போட்டி நாட்களில் மைதான ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவாள். அம்பயர் விசில் ஊத ஊத, இவள் புள்ளி வைத்துக்கொண்டே போவாள். ஒரு நாளாவது எழுதுகிற நாற்காலியிலிருந்து எழுந்து அந்த விசிலைத் தான் ஊத வேண்டும் என்பது அவள் ஆசை. அதை ரத்தினவேலிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இரட்டைப் பதிவு விஷயத்தில் கனகா வைத்த சட்டம் ஒன்று உண்டு. இரண்டு பதிவை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. தப்பாகச் சேர்த்தால் ஒருத்தன் ஓடிய ஓட்டமெல்லாம் இன்னொருத்தன் கணக்கில் போய்விடும். முதலில் கூட ஆடியவர்களைச் சாட்சிக்குக் கேட்டுப் பார்த்தார்கள். கூட ஆடினவன் நண்பனுக்காக எதை வேண்டுமானாலும் சொல்வான். கனகாதான் சொன்னாள்: எதிரணியில் ஆடின ஒருத்தரைக் கூட்டி வரட்டும், ஜெயித்தவன் மறந்துபோவான், தோற்றவன் மறக்க மாட்டான் என்று.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. சீனு என்ற பையனுக்கு இரண்டு பதிவு. கொள்ளேகாலிலிருந்து வந்த எதிரணிக்காரன் அவனை ஓடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இவனேதானுங்க. ஓடறப்ப நாக்க நீட்டிட்டு ஓடுவான் பாருங்க" என்றான். சேர்த்தாகிவிட்டது. வேலாயுதம் என்று இன்னொருவன், சித்தப்பா மகனின் பதிவைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வந்தான். எதிரணிக்காரன் மேலும் கீழும் பார்த்து, "இவனாங்க? இவன் எங்களுக்கே தண்ணி பாட்டில் குடுத்தவனுங்க" என்றான். வேலாயுதம் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டு வெளியேறினான்.

அப்படிப்பட்ட கனகாவின் திரையில், ஒரு வியாழக்கிழமை காலையில், இரண்டு கனகாக்கள், இரட்டைப் பதிவாக இருக்கலாம் என்று சிவப்பில் வந்து நின்றார்கள்.

ஒருத்தி குப்புசாமி மகள் கனகா, ஹனூர், ஜூன் முதல் தேதி பிறந்தவள், மாநிலப் போட்டி ஆடியவள். இன்னொருத்தி ரத்தினவேல் மனைவி கனகா, மைசூர், ஸ்கோர் எழுதுகிறவள், எந்தப் போட்டியும் ஆடாதவள். மாநில அம்பயர் பரீட்சைக்கு அவள் விண்ணப்பம் போட்ட மறுநாள் இது. பரீட்சை எழுத மாநில அளவில் ஆடியிருக்க வேண்டும், வயது நாற்பத்திரண்டைத் தாண்டக் கூடாது. கனகாவுக்கு வரும் ஜூனில் நாற்பத்திரண்டு முடிகிறது. விண்ணப்பத்துக்குச் சனிக்கிழமையோடு கெடு; அதற்குள் இரண்டு கனகாவும் ஒன்றாகாவிட்டால் இந்த ஜென்மத்தில் விசில் இல்லை.

சங்கச் செயலாளர் மஞ்சுநாத் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் பேசும் தமிழுக்கு இடையிடையே கன்னடம் ஊறுகாய் மாதிரி வரும்.

"அக்கா, பாஸ்வேர்டு உங்க கைல, பட்டன் உங்க கைல. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"நான் போட்ட ரூலுங்க சார்."

"உங்களுக்கே ரூலா? நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"இப்பத்த கனகாவத்தான் உங்களுக்குத் தெரியும். ஓடுன கனகாவ நீங்க பாத்தீங்களா?"

ஊருக்கு உபதேசம் பண்ணின வாயாயிற்றே, தனக்கென்று வரும்போது எப்படி மூடிக்கொள்வது? பழைய காகிதங்களில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஸ்கோர் தாள். இருபத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய மாவட்டப் பெண்கள் இறுதி ஆட்டம். ஜெயித்த அணி மாநிலப் போட்டிக்குப் போனது. அதில் கனகா அவுட் ஆக்கியதாக இருந்தது ஒரே ஒரு பெயர்: தேவம்மா. ஆள் எங்கே இருக்கிறாள் என்பதும் தெரியும். சாமராஜநகர் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு மணி நேரப் பயணம், ஒரு கையெழுத்து. இதில் என்ன கஷ்டம் என்று மஞ்சுநாத்துக்குப் புரியவில்லை.

கஷ்டம் என்னவென்று கனகாவுக்கு மட்டும் தெரியும். மடியில் கனம் இருந்தது.

அன்றைக்கு இரண்டு அணியும் சமப் புள்ளி. பத்து விநாடிதான் பாக்கி. தேவம்மா கம்பத்தை ஒட்டி வளைந்து ஓடினாள். கனகா ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வீசி, மறுகையை நீட்டிப் பாய்ந்தாள். புழுதி கிளம்பியது, விசில் ஊதியது, அவுட் என்றார் அம்பயர். கூட்டாளிகள் ஓடி வந்து கனகாவைத் தோளில் தூக்கினார்கள். தேவம்மா மட்டும் மைதானத்தில் நின்று "தொடல, தொடல" என்று கத்தினாள். அவள் சொன்னது உண்மை. கனகாவின் கை ஒரு விரற்கடை குறைந்துபோயிருந்தது. தோளில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறக்கவேண்டிய சந்தர்ப்பமும் வராமல் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மைசூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, தேவம்மா கண்டக்டராக இருந்த நான்காவதில் ஏறினாள். தேவம்மா பருத்திருந்தாள். காக்கிச் சட்டை, தோளில் பை, கழுத்தில் கயிறு கட்டிய விசில். கனகா இத்தனை வருஷமாக ஆசைப்படும் பொருள் அங்கே டிரைவருக்கு "போலாம்" சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆதார் தோர்ஸி ம்மா," என்று கன்னடத்தில் கையை நீட்டினாள் தேவம்மா. பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததிலிருந்து அட்டையைக் காட்டாமல் டிக்கெட் கிடையாது. கனகா நீட்டினாள். தேவம்மா அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"கனகா. எந்தூருங்க?" இப்போது தமிழ்.

"ஹனூரு."

"ஹனூருக் கனகாவா நீயி?"

பூஜ்ய ரூபாய் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். நஞ்சன்கூட்டில் கூட்டம் இறங்கிய பிறகுதான் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கனகா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்: இரண்டு பதிவு, அம்பயர் பரீட்சை, நாளையோடு கெடு.

"அப்ப, நீ என்னைய அவுட் பண்ணுனேன்னு நான் கையெழுத்துப் போடோணும்?"

"ஆமா."

"நல்லாருக்குதே நாயம்!" தேவம்மா சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தொட்டியா?"

தாளில் இருப்பதை அப்படியே சொன்னால் போதும். தொட்டேன் என்று ஒரு வார்த்தை. கனகா தேவம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"தொடல புள்ள. ஒரு விரக்கடை கொறைஞ்சு போச்சு. காத்துத்தான் பட்டுச்சு."

தேவம்மா எழுந்து போனாள். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பேருக்கு டிக்கெட் கொடுத்தாள். ஒருவரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"இருவத்தி நாலு வருசமாச் சொல்லிட்டிருக்கறேன். எங்கப்பன் நம்பல. மாஸ்டர் நம்பல. கட்டிக்கிட்டவன்கூட, சரி சரி விடும்மான்னுட்டான். கடசீல எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நெசமாலுமே தொட்டுட்டியோன்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்டேட்டு ஆடப் போயிருந்தா இன்னும் ரெண்டு வருசம் ஓடியிருப்பேன். போகலீன்னதும் தை மாசமே கல்யாணத்தப் பண்ணி வெச்சுட்டாங்க. மாப்பள நல்லவருதான், அது வேற கதை."

"தப்புத்தான்," என்றாள் கனகா.

"நீ கனகாவேதான். வேற எவளாச்சும் உம்பேரச் சொல்லிட்டு வந்திருந்தா, தாளப் படிச்சுட்டுத் தொட்டேன்னு சொல்லியிருப்பா. எடு அந்த பாரத்த."

சாமராஜநகர் பஸ் ஸ்டாண்டில், டிக்கெட் பையை மடியில் வைத்து அதன்மேல் எழுதிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மஞ்சுநாத் அதை வாங்கிப் படித்தான். பெரிய பெரிய எழுத்து. "இவள்தான் கனகா. இறுதி ஆட்டத்தில் இவள் என்னை அவுட் ஆக்கியதாக எழுதியிருக்கிறது. ஆக்கவில்லை. கை என்மேல் படவில்லை. இது உண்மையென்று எனக்கும் இவளுக்கும் மட்டும்தான் தெரியும். கேட்டதும் ஒத்துக்கொண்டாள். ஆகவே இவள் அவளேதான். தேவம்மா, கண்டக்டர்."

"என்ன அக்கா இது? சாட்சியா, கம்ப்ளெயின்ட்டா?" மஞ்சுநாத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பரீட்சைக் கமிட்டி இதப் படிப்பாங்க இல்லையா? ஜெயிச்சதே தப்புன்னா ஸ்டேட் ஆடினது எப்படின்னு கேப்பாங்க. நடுவுல நாலு வரிய விட்டுட்டு வேற எழுதி வாங்கிக்கலாம்."

"அந்த நாலு வரிதான் சார் சாட்சி. அப்படியே ஏத்துங்க. கேட்டா பதில் சொல்லிக்கறேன்."

மற்றவர்கள் விஷயத்தில் சாட்சியைக் கூப்பிட்டு விசாரிப்பது கனகாவின் வேலை. இன்றைக்கு அதை மஞ்சுநாத் செய்ய வேண்டியிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான். பின்னால் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் கேட்டது.

"எழுதினதெல்லாம் நிஜம்தானாங்க?"

"எங்கப்பராணை நெசமுங்க."

"இவங்க அம்பயர் ஆகணும்னு கேக்கறாங்க. உங்களையே ஏமாத்தினவங்க. ஆகலாம்னு நெனைக்கறீங்களா?"

பஸ்ஸில் ஏறிய யாரையோ உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தேவம்மா பதில் சொன்னாள்:

"விசிலத் தப்பா ஊதுனா ரெண்டு பேருத்துக்கு வலிக்குமுங்க சார். ஒருத்தி நானு. இன்னொருத்தி உங்க எதுத்தாப்பல உக்காந்திருக்கறா. எங்க ரெண்டு பேரத் தவுர அது ஆருக்குத் தெரியும்?"

கனகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த ஆட்டத்தை நினைத்து அவள் அழுதது அன்றைக்குத்தான். மஞ்சுநாத் நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துக்கொண்டான். திரையில் இருந்த இரண்டு கனகாவையும் தேர்ந்தெடுத்து, தேவம்மாவின் கடிதத்தை ஒரு வரி விடாமல் ஏற்றி, பட்டனை அமுக்கினான்.