இளவரசன் பிழைத்த முகூர்த்தம்

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த மடையன் நான். அந்த நம்பிக்கையில் முதல் நாளே சவரம் செய்து, விடிந்ததும் இன்னொரு தரம் செய்து, கன்னத்தில் கீறலோடு மணவறையில் உட்கார்ந்திருந்தேன். பந்தலில் ஈ, காக்கை இல்லை.

பெண்ணுக்கு ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாங்கள் அரியலூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தோம். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். நாள் குறித்தவருக்கு ராகுகாலம் தெரிந்திருந்தது, எமகண்டம் தெரிந்திருந்தது. டிவியில் ராஜா கதை ஓடுகிற நேரம் மட்டும் தெரியவில்லை.

அது இந்தித் தொடர். ஊரில் யாருக்கும் இந்தி ஒரு வார்த்தை வராது. ஆனாலும் பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்து தமிழில் அழுதார்கள், தமிழில் திட்டினார்கள். முந்தின ஞாயிறு இளவரசன் நெஞ்சில் அம்பு பட்டு, கோட்டை மதிலிலிருந்து ஆற்றில் விழுந்தான். அதோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க ஊர் இரண்டு கட்சி. முந்திரிக் கொல்லையில்கூட இதே சண்டை. ‘செத்துட்டான்’ என்பது ஒரு கட்சி. ‘அவனாவது சாவுறதாவது’ என்ற கட்சிக்குப் பெண்ணின் தாய்மாமன் தலைவர்.

அந்தத் தாய்மாமன்தான் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அவர் வராமல் தாலி ஏறாது. அவரோ டிவி முன்னால் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டார்.

கூப்பிட்டு வர அப்பா போனார். திரும்பவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு வர சித்தப்பா போனார். அவரும் திரும்பவில்லை. பெண் வீட்டார் நைசாகக் கழன்றுகொள்கிறார்கள் என்றே முடிவுகட்டினேன். என் கோணல் மூக்கைப் பற்றி யாராவது போட்டுக்கொடுத்திருப்பார்களோ? கல்யாணம் நின்றுபோய், மாலையும் கழுத்துமாக அரியலூர் கடைத்தெருவில் வேனிலிருந்து இறங்குவது வரைக்கும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அப்போது வாசற்படியிலிருந்து ஒரு குரல்.

“ஏங்க, அழுவுறீங்களா?”

கல்யாணப் பெண். அதுவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“இல்லீங்க, ஓமப் பொகை.”

“ஓமம் இன்னும் மூட்டவே இல்லியே.”

மாலை நுனியால் கண்ணைத் துடைத்தேன். அவளே சொன்னாள்: “எங்க மாமா அத வுட்டுட்டு வராதுங்க. டிவிப் பொட்டிய இங்க தூக்கியாரச் சொல்லுங்க, தன்னால வரும்.”

வேனில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை எழுப்பி விரட்டினேன். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஊர்வலம். டிரைவர் தோளில் டிவி, தாய்மாமன் கையில் ஆண்டெனா, பின்னால் ஊரே. நடுவில் என் அப்பாவும் சித்தப்பாவும்.

“வெளம்பரம் முடியறதுக்குள்ள நடங்கடா!” என்று தாய்மாமன் கத்திக்கொண்டே வந்தார்.

ஆண்டெனாவைப் பந்தல் காலில் கட்டினார்கள். மைக்செட்காரர் கரண்ட் கொடுத்தார். நாற்காலிகள் எல்லாம் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பின. தாய்மாமன் பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்தார். கண் மட்டும் டிவியில். குத்துவிளக்கின் மேலேயே அவளை உட்காரவைக்கப் பார்த்தார். அவள்தான் சுதாரித்து நகர்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஐயர் தாலியை என் கையில் கொடுத்து, மந்திரம் முடியட்டும் என்று சாடை காட்டினார். அந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு மீனவர் குடிசை. பாயில் ஒரு உருவம். விரல் அசைந்தது. கண் திறந்தது.

“பொழச்சிட்டான்டா! நான் அப்பவே சொல்லல?” தாய்மாமன் துண்டைச் சுழற்றிக் குதித்தார். பந்தல் முழுக்க விசில். தவில்காரரும் அவர் கட்சி போலிருக்கிறது, ஆவேசத்தில் கெட்டிமேளம் முழக்கிவிட்டார்.

கெட்டிமேளம் கேட்டால் மாப்பிள்ளை என்ன செய்வான்? கட்ட ஆரம்பித்தேன். “இருங்கோ, இருங்கோ” என்று ஐயர் அலறியது யார் காதிலும் விழவில்லை. அட்சதை மழையாகக் கொட்டியது. பாதி என் தலையில், பாதி டிவி மேல். இளவரசனையும் என்னையும் ஊர் ஒன்றாகவே வாழ்த்தியது. நானே கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி நிமிர்ந்தேன்.

“முடிச்சு இன்னும் வுழலீங்க” என்றாள் அவள், தலையைக் குனிந்தபடியே.

எங்கள் வழக்கப்படி முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். என் அக்கா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று முடிச்சையும் நானே போட்டேன்.