போர்மேன் கொடுத்த தட்டு

அந்தப் பித்தளைத் தட்டின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. யாரோ எப்போதோ கீழே போட்டிருக்க வேண்டும். சந்தனக் கிண்ணமும் குங்குமமும் உதிரிப் பூவும் நசுங்கல் பக்கமாகவே சரிந்து கிடக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், வருடா வருடம் ஆயுத பூசையன்று அது போர்மேனின் அலமாரியிலிருந்து வெளியே வரும். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம் அது என் கைக்கு வந்தது. அந்த நசுங்கலை என் கட்டைவிரல் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஷாப்பில், அதாவது மிஷின்கள் ஓடும் கூடத்தில், ஒரு வழக்கம். பர்மனன்ட் ஆள் தன் மிஷினுக்குத் தானே பொட்டு வைப்பான். ப்ரொபேஷனில் இருப்பவன் மிஷினை மண்ணெண்ணெயில் துடைத்து, எண்ணெய் போட்டு, கலர் பேப்பர் ஒட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அவன் மிஷினுக்குப் போர்மேன்தான் பொட்டு வைப்பார். ஆகவே ப்ரொபேஷன்காரன் கையில் தட்டு வந்தால் அவன் வேலை நிலைத்துவிட்டது என்று அர்த்தம். எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. ஆனாலும் மேனேஜர் வாய்விட்டுச் சொன்னால்கூட நம்பாதவர்கள் இதை நம்பினோம்.

போர்மேன் எல்லோரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் நைனாதான். அதனால் அவர் திட்டினாலும் கொஞ்சுவது போலவே இருக்கும், வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அப்படி ஒரு வாய் எல்லோருக்கும் அமையாது.

என் வீடு அயனம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம். அப்பா அங்கே ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நிலமெல்லாம் மனையாகிப் போனதும், தான் நாற்று நட்ட அதே இடத்தில் செங்கல் சுமந்தார். ஐ.டி.ஐ. முடித்துத் தொழிற்சாலைக்குள் கால் வைத்தது எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். அப்போது தங்கைக்கு வானகரத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம். அவளுக்கும் பையனைப் பிடித்துப்போய்விட்டது, கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பையனின் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அண்ணங்காரன் பர்மனன்ட் ஆவட்டும், அப்பால நிச்சயம் வச்சிக்கலாம்." நாளைக்கு ஒன்று என்றால் கேட்பதற்கு நிலையான வேலையில் ஓர் ஆள் வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.

ஆயுத பூசையன்று என் லேத்தின் முன்னால் ஒதுங்கி நின்றிருந்தேன். போர்மேன் வந்தார். குங்குமத்தைத் தொட்டுக் கட்டைவிரலால் என் நெற்றியில் அழுத்தி வைத்தார். தட்டை என் கையில் கொடுத்துத் தோளைத் தட்டினார்.

"இனிமே இது உன் மிஷினு நைனா."

தங்கையை நினைத்துக்கொண்டு கேட்டேன். "சார், அப்போ பர்மனன்ட்டுதானே சார்?"

"தட்டு குடுத்தாச்சில்ல, அப்பால இன்னா கேள்வி?"

ஷாப்பே கைதட்டியது. அன்று பொரியும் சுண்டலும் எங்கள் தெரு முழுக்கப் போயின. அப்பா வானகரத்துக்கே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்தது வேலையே இல்லை, வெறி. வடக்கே அனுப்ப வேண்டிய பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மணி அடித்தாலும் மிஷினை நிறுத்த மாட்டேன். சூடான இரும்புச் சுருள் தெறித்து முழங்கையெல்லாம் கொப்புளம். என் மிஷின் அல்லவா! போர்மேன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "சபாஷ் நைனா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் வேகமாக ஓட்டுவேன். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆர்டர் லாரி ஏறிய அன்று, போர்மேன் ஆவடிப் பக்கத்து ஆள் ஒருவரை என்னிடம் கூட்டிவந்து வேலையைக் காட்டச் சொன்னார். பர்மனன்ட் ஆகிவிட்டேன், எனக்குக் கீழே ஆள் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததில் எதையும் மறைக்காமல் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் மிஷினைத் துடைத்து முடிக்கும்வரை போர்மேன் காத்திருந்தார். பிறகு ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

"நாளையிலேர்ந்து வராதே நைனா. உன் ப்ரொபேஷன் முடிஞ்சிச்சி."

நான் உளறினேன். "தட்டு குடுத்தீங்களே சார்... எல்லாரும் பாத்தாங்களே..."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்புகூட இல்லை, குழந்தையிடம் சிரிக்கிற சிரிப்பு. "குடுத்ததாலதானே அப்டி ஓட்னே! குடுக்காங்காட்டி ஓட்டியிருப்பியா?"

சுற்றி நின்றவர்களில் சிலரும் சிரித்தார்கள். பூசையன்று கைதட்டியவர்கள்தான்.

வானகரத்துக்காரர்கள் சத்தம் போடவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு தங்கைக்கு அமைந்த மாப்பிள்ளை, மனைவியை இழந்தவர், அவளைவிட மிகவும் மூத்தவர். தாலி ஏறும்போது அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். அதற்குள் நான் மேனாம்பேட்டில் இரண்டு லேத் வைத்துச் சொந்தப் பட்டறை போட்டிருந்தேன். ஒருநாள் போர்மேன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடம்பு வற்றியிருந்தது, குரல் வற்றவில்லை. "எனுக்கு வேலை போச்சி, ஊட்ல அடுப்பு எரியணும்னா இவன்தான். பாத்து ஒரு வேலை போட்டுக் குடு நைனா" என்றார். அவரிடம் வேலை பார்த்தவன் நான் என்றேன். என்னை உற்றுப் பார்த்தார். "எத்தினியோ பேரு வந்தாங்க, போனாங்க" என்றார். என் வீட்டைக் கவிழ்த்த நாள் அவர் நினைவிலேயே இல்லை.

மகனை வேலைக்கு எடுத்துக்கொண்டேன், பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறேன் என்று சொல்லி. நல்ல உழைப்பாளி, கையும் சுத்தம். சில வாரங்களிலேயே அவனை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை, அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை.

ஆயுத பூசை வந்தது. மகன் வேலை செய்கிற இடத்தைப் பார்க்கப் பெரியவரும் வந்திருந்தார், பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக ஓரமாக நின்றார். நான் தட்டை எடுத்தேன். எவர்சில்வர் தட்டு, நசுங்கல் எதுவும் இல்லாத புதுத் தட்டு. குங்குமத்தைத் தொட்டுக் கட்டைவிரலால் பையனின் நெற்றியில் அழுத்தி வைத்தேன். தட்டை அவன் கையில் கொடுத்துத் தோளைத் தட்டினேன்.

"இனிமே இது உன் மிஷினு நைனா."

பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் அவனைப் பார்க்கவில்லை, அவன் அப்பாவைப் பார்த்தேன். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அத்தனை வருடம் கழித்து நான் யார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மெல்ல என் பக்கத்தில் வந்தார். நைனா காணாமல் போயிருந்தது. "சார்... பையன் பர்மனன்ட்டுதானே சார்?"

மகன் லேத்துக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

"தட்டு குடுத்தாச்சில்ல," என்றேன், "அப்பால இன்னா கேள்வி?"