ஏர்கான் ஃபில்டரில் பூனை முடி

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எனக்கு ஒரு மூவறை வீடு. அதை வாடகைக்கு விட்டுவிட்டு நான் கிளமெண்டியில் மகளோடு இருக்கிறேன். வீட்டுக்காரி என்றால் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வளர்ப்புப் பிராணி கூடாது என்று ஒப்பந்தத்தில் தனி வரியே உண்டு. அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க அரசாங்கமே சரி சொன்ன பிறகும் நான் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அங்கே போய் ஏர்கான் குளிர்சாதனத்தைக் கழுவுகிறவர் ஒருநாள் போன் செய்தார். "அக்கா, ஃபில்டர் முழுக்கப் பூனை முடி லா."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. குடியிருந்தவள் ஒரு மருத்துவமனைத் தாதி, திருச்சிப் பக்கத்திலிருந்து கணவனோடு வந்தவள். தங்கமான பெண் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். என்னையே ஏமாற்றுவதா? ஞாயிறு காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிய கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

கதவைத் திறந்தாள். சோபாவில் ஒரு கிழட்டுப் பூனை, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"தப்புதான் ஆன்ட்டி. சொல்லியிருக்கணும்."

"பூனைய அனுப்பிடுங்க. இல்லாட்டி மாசக் கடைசியில நீங்க கிளம்புங்க."

அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாங்க கிளம்பிடறோம் ஆன்ட்டி" என்றாள், அவ்வளவுதான். வேலை செய்யும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வீடு அவளுக்கு இனி எங்கே கிடைக்கும்? போயும் போயும் இந்தப் பூனைக்காகவா? இதை எங்கே வாங்கினாய் என்று அதட்டினேன்.

"வாங்கல ஆன்ட்டி. நாங்க குடி வந்த மூணாம் நாளு, நாலு மாடி ஏறி வந்து நம்ம வாசல் கேட்டுக்கு முன்னாடி உட்கார்ந்துச்சு. முன்னாடி இருந்தவங்க வளர்த்ததாம். புளோக் கட்டடத்துக்குக் கீழ விட்டுட்டாங்கன்னு எதிர்வீட்டு மலாய்க்காரம்மா சொன்னாங்க."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நான் சோபா நுனியில் உட்கார்ந்துவிட்டேன். முன்பு இருந்தவர்களிடமும் பூனையை அனுப்பு, இல்லாவிட்டால் கிளம்பு என்று இதே வார்த்தையைத்தான் சொன்னேன். யாருக்கோ கொடுத்துவிட்டோம் என்றார்கள், நானும் யாருக்கு என்று கேட்கவில்லை. என்னால்தான் பூனை தெருவுக்கு வந்தது என்பதையும் எதிர்வீட்டம்மா இவளிடம் சொல்லாமல் இருந்திருப்பாரா? தெரிந்தும் இவள் என் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிக் காட்டவில்லை. நானாக இருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஒப்பந்தத்தை எடுத்து வரச் சொன்னேன். பிராணி கூடாது என்ற வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். பேனாவை வாங்கியவள் கையெழுத்துப் போடாமல் நின்றாள்.

"இன்னும் என்ன?"

"ஒரு வரி சேத்து எழுதுங்க ஆன்ட்டி. நாங்க காலி பண்றப்ப இந்தப் பூனைய விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு."

எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.