தேவசகாயம் சார் காட்டிய செஞ்சி

விழுப்புரத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் பள்ளிக்கூட வாசலில் இறங்கிச் சொன்னார்: "உங்க தேவசகாயம் வாத்தியார் ஆஸ்பத்திரியில தவறிட்டாருங்க." காய்ச்சல் என்று போனவர். திங்கட்கிழமை வந்துவிடுவார் என்று அவருடைய ஐந்தாம் வகுப்பையும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும். இரண்டாம் உலக யுத்தகாலம் முழுவதும் அது ஏன் காணாமல் போனது என்பது பலருக்குத் தெரியாது.

யுத்தம் தொடங்கிய சமயம், என் தம்பி சாமுவேலுக்குப் போலீஸ் வேலை கிடைத்திருந்தது. சேருவதற்கு முன் செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றான். தேவசகாயம் சார் எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். நான் அடிவாரத்திலேயே களைத்து உட்கார்ந்துவிட்டேன். தூறல் விழுந்தது. தம்பியும் தயங்கினான். "கீழ நின்னுக்கினு பாத்தா அது வெறும் கல்லு தம்பி. மேல ஏறினாதான் கோட்டை" என்று சார் அவனை உற்சாகப்படுத்தினார். இறங்கும்போது ஈரப் படியில் தம்பி வழுக்கி விழுந்தான். முழங்கால் நொறுங்கிவிட்டது. அவனை முதுகில் சுமந்துகொண்டு சார் இறங்கி வந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருடைய உதடுகள் ஓயாமல் ஜெபித்துக்கொண்டிருந்தன.

தம்பியின் கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. போலீஸ் வேலை போயிற்று. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்குக் கணக்கெழுதப் போனான். சார் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவார். "என் வாயாலதானே ஏறுன்னு சொன்னேன்" என்பார். அம்மா காபியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பிள்ளைகளை ஊர் பார்க்க அழைத்துப் போவதை அவர் அடியோடு நிறுத்திவிட்டார்.

யுத்தம் முடிந்தபின் ஒரு நாள் தம்பியே கேட்டான்: "சார், மண்டகப்பட்டுக் குகைக்கோயிலுக்குக் கூட்டிக்கினு போங்க."

"இனிமே நான் யாரையும் எங்கயும் கூட்டிக்கினு போறதில்ல."

"அப்ப நான் தனியாப் போறேன்."

வேறு வழியின்றி வந்தார். பாறையில் குடைந்த அந்தச் சின்னக் கோயிலின் முன்னே தம்பியின் கையை விடாமல் பிடித்திருந்தார். தம்பி மெல்லக் கையை உருவிக்கொண்டு, தடியை ஊன்றித் தானே படியேறினான். கதாயுதத்தின் மேல் சாய்ந்து நிற்கும் வாயிற்காவலர் சிலைக்குப் பக்கத்தில் போய் அதேபோல் சாய்ந்து நின்றான்.

"பாருங்க சார், இவரும் தடிமேல சாஞ்சிக்கினுதான் காவல் காக்கறாரு. இவர வேலைய வுட்டு எடுத்துட்டாங்களா?"

சார் சிரித்துவிட்டார். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்தது. தம்பி இறங்கிவந்து அவர் தோளைப் பிடித்தான். "வேலை போச்சி, போவட்டும். நீங்களும் எங்கள வுட்டுப் போயிடாதீங்க சார்."

திரும்பும்போது வண்டியில் என்னிடம் மட்டும் சொன்னார்: "அவன் மன்னிச்சிட்டான் டீச்சர். எனக்குத்தான் இன்னும் மனசு வரல." ஆனாலும் அதன்பின் பிள்ளைகளை மறுபடி ஊர் பார்க்க அழைத்துப் போகத் தொடங்கினார்; புறப்படும் முன் ஒவ்வொருவரின் கால்களையும் பயத்தோடு பார்ப்பார்.

நேற்று அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி என்னைத் தனியே அழைத்தார். "இந்தச் சனிக்கிழமை பிள்ளைங்கள திருவக்கரைக்குக் கூட்டிக்கினு போய்க் கல்லா மாறிப்போன அந்தக் கல்மரத்தக் காட்டறேன்னு சொல்லியிருந்தாரு. பாவம், காத்துக்கினு இருக்கும்ங்க" என்றார்.

நான் அழைத்துப் போகிறேன். புறப்படும் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் கால்களையும் குனிந்து தொட்டுப் பார்க்கிறேன். காட்டவேண்டும் என்ற ஆசையும் இந்தப் பயமும் இரண்டுமே அவருடையவை. இனி என்னிடம் இருக்கும்.